கொல்லன் கடனும் துப்பாக்கி ஒப்பந்தமும்

புறநானூற்றின் 312-ஆம் பாட்டைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். பொன்முடியார் பாடிய அச்சிறு பாட்டில் தாய், தந்தை, கொல்லன், வேந்தன், இளங்காளை என ஐவர் வருகின்றனர். ஐவர்க்கும் உரிய கடன் ஒவ்வொன்றாக வகுத்துரைக்கப்படுகின்றது. வகுப்பில் இப்பாட்டு நடத்தப்பெறும் முறையைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். பெற்று வளர்க்கும் தாயைப் பற்றிப் பேச ஒரு பாடவேளை போய்விடும். சான்றோன் என்பதற்கு வீரன் என்று பொருள் கொள்வதா, குணநிறைவுடையோன் என்று பொருள் கொள்வதா என்னும் ஆராய்ச்சிக்கு மற்றொரு பாடவேளை. யானையை வீழ்த்தி மீளும் இளைஞனுக்கோ பள்ளி ஆண்டுவிழா மேடைவரை இடமுண்டு. கொல்லன் ஒருவன்தான் 'வேல் செய்து தருபவன்' என்ற அளவோடு அனுப்பப்பட்டுவிடுகின்றான்.

இலக்கியத்தில் எல்லாருடைய நினைவிலும் நிற்கும் கொல்லன் சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லனே. அவன் செய்த வேலையை நாடறியும். அதனாலோ என்னவோ, இரும்புக் கொல்லனுக்கும் நம் உரையாசிரியர் மனத்தில் பெரிய இடம் கிடைக்கவில்லை. ஆயினும் பொன்முடியார் அவனை வைத்த இடம் நோக்கத்தக்கது. தாய்க்கும் தந்தைக்கும் அடுத்து வருபவன் அவன். வேந்தன் அவனுக்குப் பின்னரே வருகின்றான். யாப்புக்காக அமைந்த வரிசை என்று இதனைத் தள்ளிவிடுதல் பொருந்தாது. முதலில் வீடு, பிறகு ஊர், அதன் பிறகு நாடு என்று பாட்டு வெளிநோக்கி விரிகின்றது. அவ்விரிவில் ஊரின் சார்பாக நிற்பவன் கொல்லன். ஊரில் உழவனும் உண்டு, குயவனும் உண்டு. போர்க்குப் புறப்படும் மகனுக்கு ஊர் தரும் பொருளைத் தன் கையால் ஆக்குபவன் கொல்லன் ஒருவனே ஆகலின், அவன் பெயர் அவ்விடத்தில் நிற்கின்றது.

இனி, 'கடன்' என்னும் சொல். அது கடமையையும் குறிக்கும், திருப்பித் தரவேண்டிய பொருளையும் குறிக்கும். கொல்லன் வேல் வடித்தது கூலிக்கா, கூலியில்லாமலா என்ற வினா இங்கே எழும். பாட்டு அதற்கு விடை கூறவில்லை. பாட்டைப் பேசுபவள் தாய். அவள் கடமையைக் கணக்கிடுகிறாளே ஒழியக் கூலியைக் கணக்கிடவில்லை. அதனைக் கொண்டு, பழந்தமிழ்க் கொல்லன் நாட்டுக்காக விலை பெறாமலே படைக்கலம் செய்தான் என்று மேடையில் முழங்குவாரும் உளர். பாட்டில் இல்லாததைப் பாட்டின்மேல் ஏற்றுவது அது.

வேந்தனுடைய கடனைக் கூறும் அடியில் இரு பாடங்கள் வழங்குகின்றன. நன்னடை என்று கொண்டால் நல்லொழுக்கத்தைத் தருதல் அரசன் கடனாகும். தண்ணடை என்று கொண்டால் மருதநிலத்து ஊரையோ வயலையோ பரிசாக வழங்குதல் அவன் கடனாகும். பின்னதை ஏற்றால் பாட்டின் நிறமே மாறுகின்றது. உயிரைப் பணயம் வைப்பவனுக்கு நிலம் கிடைக்கிறது என்ற உலகியல் பாட்டினுள் நுழைகின்றது. வீரனுக்கு நிலம் கொடுத்த வேந்தன் கொல்லனுக்கு என்ன கொடுத்தான் என்ற கேள்வியும் உடன் நுழைகின்றது. புறநானூற்றுக்குக் கிடைத்த பழைய உரை 266-ஆம் பாட்டோடு நின்றுவிடுவதால், இவ்விடத்தில் ஆசிரியர்க்குக் கைகொடுக்கப் பழைய உரையாசிரியரும் இல்லை. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894-இல் நூலைப் பதிப்பித்த நாள்தொட்டு, இந்தப் பகுதிக்குப் பிற்காலத்தார் உரையே துணை.

கொல்லனைப் பற்றிய தெளிவு வேண்டுமாயின் 95-ஆம் பாட்டுக்குச் செல்லவேண்டும். அதியமான் பொருட்டுத் தூது சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகின்றான். அவனுடைய கருவிகள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவலுடைய மாளிகையில் அழகாக இருக்கின்றன. அதியமானுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முரிந்து கொல்லனுடைய சிறிய கொட்டிலில் கிடக்கின்றன என்று ஔவையார் கூறுகின்றார். இகழ்வது போலப் புகழ்ந்து, புகழ்வது போல இகழ்ந்த நயத்தை உரைகாரர் அனைவரும் எடுத்துக்காட்டுவர். அது சரியே. ஆனால் அந்நயத்துக்கு அடியில் ஒரு தொழில் உண்மை கிடக்கின்றது. முரிந்த வேல் செய்தவனிடமே திரும்பி வருகின்றது. தான் வடித்த நுனி எங்கே வளைந்தது, எங்கே ஒடிந்தது என்பதைக் கொல்லன் கண்ணால் காண்கின்றான். வேலை எடுத்தவனும் வேலைச் செய்தவனும் ஒருவரையொருவர் அறிவர். பொன்முடியார் சொல்லும் கடன் இந்த அறிமுகத்தின்மேல் நிற்பது. 170-ஆம் பாட்டில் ஒரு வீரனது உறுதிக்குக் கொல்லனது சம்மட்டியைத் தாங்கும் உலைக்கல்லை உவமையாக்கியதும் அப்பட்டறையை அருகிருந்து பார்த்த கண்ணே.

இவ்வறிமுகம் அறுந்த இடத்தை வரலாற்றில் காணலாம். தமிழ்நாட்டில் அது இரண்டு படியாக நடந்தது. பாளையக்காரர் போர் முடிந்த 1801-ஆம் ஆண்டு டிசம்பரில் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிக்கை, தென்னாட்டு மக்கள் கையிலிருந்த படைக்கலங்களைப் பறித்தது. கோட்டைகளும் இடிக்கப்பட்டன. பின்னர் 1878-இல் லிட்டன் காலத்தில் வந்த ஆயுதச் சட்டம், உரிமம் இன்றி ஆயுதம் செய்வதையும் விற்பதையும் குற்றமாக்கியது. வேல் வடித்துக் கொடுத்தல் கடன் என்று தமிழ்ப் புலவர் பாடியதைச் சட்டப் புத்தகம் குற்றம் என்று எழுதியது. கொல்லன் அரிவாளும் கொழுவும் மண்வெட்டியும் அடித்துப் பிழைத்தான். அவன் வழியினரிற் சிலர் கப்பலேறி மலாயாவுக்கு வந்து, பால்வெட்டுக் கத்திக்குச் சாணை பிடித்தனர்.

தமிழ்க் கொல்லனிடமிருந்து பறிக்கப்பட்ட அத்தொழில் எங்கே சென்றது? இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்துக்கும் அமெரிக்காவின் ஆற்றங்கரை ஆலைகளுக்கும் சென்றது. பர்மிங்காமில் துப்பாக்கித் தெரு என்று சொல்லத்தக்க ஒரு பகுதியே இருந்தது. அங்கே ஒருவர் முழுத் துப்பாக்கி செய்வதில்லை. குழல் செய்பவர் ஒரு பட்டறை, விசைப்பொறி செய்பவர் மற்றொரு பட்டறை, கட்டை செதுக்குபவர் இன்னொரு பட்டறை. அரைகுறை உறுப்புகளைச் சிறுவர்கள் சந்துகளின் வழியே ஒரு பட்டறையிலிருந்து மற்றொன்றுக்குச் சுமந்து சென்றனர். அரத்தால் ராவி ராவிப் பொருத்தியமையால் ஒரு துப்பாக்கியின் உறுப்பு மற்றொரு துப்பாக்கியில் சேராது. கிரிமியப் போர் (1854–56) வந்தபோது இந்த முறை தாங்கவில்லை. அரசாங்கம் என்பீல்டு ஆலைக்கு அமெரிக்க இயந்திரங்களை வாங்கியது. அவ்வியந்திரங்கள் செய்த வெர்மாண்டு மாநிலத்து ராபின்ஸ்–லாரன்ஸ் என்னும் தனியார் பட்டறை, 25,000 என்பீல்டு துப்பாக்கி செய்து தர 1855-இல் ஒப்பந்தமும் செய்துகொண்டது. போர் முடிந்தது. சொன்ன காலத்தில் சரக்கு தர இயலாமல் அப்பட்டறை நொடித்துப்போயிற்று. போர் நின்றதனால் பட்டினி கிடக்கும் கொல்லனைப் புறப்பாட்டில் காணமுடியாது. ஒப்பந்தக் கொல்லன் அத்தகையவன். அதே என்பீல்டு வகைத் துப்பாக்கியின் தோட்டாவே 1857-இல் இந்தியச் சிப்பாய்களிடையே தீ மூட்டியது என்பது மாணவர் அறிந்த செய்தி.

அமெரிக்க உள்நாட்டுப் போர் இதனை இன்னும் பெரிதாகக் காட்டுகின்றது. 1861 ஏப்ரலில் ஹார்ப்பர்ஸ் பெரி ஆயுதச்சாலை தீக்கிரையாகவே, வடபுலத்து அரசுக்கு ஸ்பிரிங்பீல்டு என்ற ஒரே ஆயுதச்சாலைதான் எஞ்சியது. ஸ்பிரிங்பீல்டு மாதிரியிலேயே துப்பாக்கி செய்து தரத் தனியார்க்கு ஒப்பந்தங்கள் வழங்கப்பட்டன. விலை துப்பாக்கி ஒன்றுக்கு 20 டாலர். இயந்திரமே இல்லாதவரும், ஆலையே கட்டாதவரும் ஒப்பந்தம் பெற்றனர். ஒப்பந்தத்தைக் கையில் வாங்கிப் பிறருக்கு விற்கும் தரகரும் தோன்றினர். 1862-இல் ஜோசப் ஹோல்ட், ராபர்ட் டேல் ஓவன் இருவரும் கணக்குகளை ஆராய்ந்து பல ஒப்பந்தங்களைக் குறைத்தனர். இக்கூட்டத்தின் நடுவே நியூ ஹாம்ப்ஷயரின் அமோஸ்கெக் என்னும் பஞ்சாலை நினைக்கத்தக்கது. போரினால் பருத்தி வரத்து தடைப்பட்டது. தறி நின்ற ஆலையின் இயந்திரப் பட்டறை துப்பாக்கிக்குத் திரும்பியது. ஏறக்குறைய 27,000 துப்பாக்கிகளை அது செய்து தந்தது. துணி நெய்தவர் துப்பாக்கி செய்தது வீரத்தினால் அன்று. வேலை நின்றுபோகக் கூடாது என்பதனால்.

இங்கே புதிதாக ஒருவர் தோன்றுகின்றார். அவர் அரசாங்கப் பரிசோதகர். ஒவ்வோர் உறுப்பையும் எஃகால் செய்த அளவுக் கருவியில் வைத்துப் பார்த்து, சேர்ந்தால் முத்திரை குத்துவார், சேராவிட்டால் ஒதுக்குவார். சற்றே குறையுடையதை விலை குறைத்து வாங்குவதும் உண்டு. புறநானூற்றில் கொல்லனுக்கும் காளைக்கும் நடுவில் எவரும் இல்லை. ஒப்பந்த உலகில் அந்த இடத்தில் அளவுக் கருவி அமர்ந்துவிட்டது. தான் செய்த குழல் எந்தக் களத்தில் வெடித்தது, யார் கையில் இருந்தது என்பது பட்டறைக்காரனுக்குத் தெரியாது. முரிந்த துப்பாக்கி அவனிடம் திரும்புவதும் இல்லை. கேடு விளைந்தபின்னும் அளவுக் கருவியைப் பழுதாகக் காட்டித் தப்பிக்கலாம். அதனினும் முக்கியமாக, நல்ல வேலை செய்தவனும் அதனை அறியமாட்டான்.

'ஆகவே பழைய கொல்லன் கடமை வீரன், புதிய கொல்லன் காசுக்காரன்' என்று முடிவு கட்டிவிடலாமா? அப்படி முடிவு கட்டும் கட்டுரைகள் நம்மிடையே உண்டு. அவை உண்மையில் பாதியைத்தான் சொல்கின்றன.

பி.எஸ்.ஏ. சைக்கிளை அறியாத தமிழர் அரியர். தபால்காரரும் தமிழாசிரியரும் ஒருகாலத்தில் அதன்மேல்தான் ஊர்ந்தனர். மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்திய முத்திரை அதற்கு உண்டு. அம்மூன்றெழுத்தின் விரிவு பர்மிங்காம் சிற்றாயுதக் கம்பெனி என்பது. 1861-இல் அந்நகரத்துத் துப்பாக்கிக் கொல்லர்கள் சிலர் கூடித் தொடங்கிய தனியார் நிறுவனம் அது. முதல் உலகப் போரில் 15 இலட்சத்திற்கு மேற்பட்ட லீ-என்பீல்டு துப்பாக்கிகளைச் செய்தது. போர் நின்றபின் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் அதற்குச் சோறு போட்டன. 1939-இல் போர் மீண்டும் மூண்டபோது இங்கிலாந்தில் துப்பாக்கி செய்துகொண்டிருந்த ஒரே தொழிற்சாலை அதுதான். 1940 நவம்பர் 19-ஆம் நாள் இரவு ஜெர்மன் விமானங்கள் அதன்மேல் குண்டு பொழிந்தன. இரவு வேலையிலிருந்த தொழிலாளர் 53 பேர் மாண்டனர். துப்பாக்கி உற்பத்தி மாதக்கணக்கில் நின்றது.

பொன்முடியார் பாட்டில் இறக்கக்கூடியவன் ஒருவனே, அவன் காளை. தாயும் தந்தையும் கொல்லனும் வேந்தனும் போருக்கு இப்பாலே நிற்பவர்கள். இருபதாம் நூற்றாண்டின் போர் அந்த எல்லையை அழித்துவிட்டது. கூலிக்குச் சென்றவர் என்பதனால் அந்த 53 பேருடைய சாவு சிறியதாகிவிடாது. கூலி வாங்கினால் கடமை இல்லை என்னும் கருத்து அவ்விடத்தில் நொறுங்கிவிடுகின்றது. கூலி வாங்கும் ஆசிரியர்க்கு இதனை விளக்கவும் வேண்டியதில்லை.

அந்தக் குண்டுவீச்சுக்குப் பின்னர் வேலை ஓரிடத்தில் குவியாமல் பல ஊர்களுக்குப் பிரித்தனுப்பப்பட்டது. புதிய மாதிரி லீ-என்பீல்டு ஷர்லி என்னும் இடத்தில் செய்யப்பெற்றது. அங்கே ஆன துப்பாக்கியில் செய்தவர் பெயர் இல்லை. பகைவர் இடமறியக்கூடாது என்று, நாட்டின் நடுப்பகுதியைக் குறிக்கும் 'எம்' என்ற எழுத்தோடு கூட்டி 'எம் 47 சி' என்ற குறியே பொறிக்கப்பட்டது. அமெரிக்காவில் சேவேஜ் என்னும் தனியார் கம்பெனி இதே துப்பாக்கியைப் பத்து இலட்சத்துக்கு மேல் செய்தது. அவற்றின்மேல் 'அமெரிக்க அரசின் சொத்து' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தனர்; பிரிட்டிஷ் படைவீரன் தோளில் அமெரிக்கச் சொத்து தொங்கியது. 1941-இல் தோன்றிய ஸ்டென் துப்பாக்கியோ இன்னும் எளியது. அதன் உறுப்புகளைச் சிறுசிறு பட்டறைகளும் செய்யமுடிந்தது. குழந்தைகளுக்குப் பொம்மை செய்துவந்த லைன்ஸ் சகோதரர் கம்பெனியும் ஸ்டென் செய்தது. குழந்தை கையில் பொம்மைத் துப்பாக்கியைக் கண்டு புன்னகைப்போர் இதனைச் சற்று நினைக்கலாம்.

இத்துப்பாக்கிகள் பேராக் மாநிலத்துக்குப் புதியவை அல்ல. 1941 டிசம்பர் கடைசியில் கம்பாரிலும் 1942 ஜனவரி 7-இல் ஸ்லிம் ரிவரிலும் இந்திய, பிரிட்டிஷ் படைகள் லீ-என்பீல்டு ஏந்திப் போரிட்டுப் பின்வாங்கின. இந்தியப் படையினர்க்கு அவ்வகைத் துப்பாக்கியைச் செய்து தந்தது கல்கத்தாவை அடுத்த ஈஷாப்பூர் அரசாங்க ஆலை. பின்வாங்கியவர் விட்டுச்சென்ற கருவிகளைக் காட்டிலிருந்த ஜப்பானிய எதிர்ப்புப் படையினர் பொறுக்கி எடுத்தனர். சிங்கப்பூரில் சரணடைந்தவர்களிடமிருந்து ஜப்பானியர் கைப்பற்றியவை இந்திய தேசிய இராணுவத்துக்குச் சென்றன. 1943-இல் அமைந்த ஜான்சி ராணி படையில் சேர்ந்த தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் பலர். நேற்றுவரை பால்வாளி தூக்கிய தோளில் அவர்கள் ஏந்திப் பழகியது வெள்ளையன் செய்த துப்பாக்கியே. பொன்முடியார் பாட்டில் வீட்டுக்குள் நின்ற பெண் இங்கே காளையின் இடத்துக்கு வந்துவிட்டாள். தன் ஊர்க் கொல்லன் வடித்த கருவி அவள் கையில் இல்லை. பகைவனின் ஒப்பந்தக்காரன் செய்தது பகைவனையே எதிர்க்கப் பயன்பட்டது. ஒப்பந்தத்துக்குப் பக்கம் கிடையாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1944, 45-இல் விமானத்திலிருந்து காட்டுக்குள் இறக்கப்பட்ட ஸ்டென் துப்பாக்கிகள் ஜப்பானியரை எதிர்க்க வந்தவை. 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறந்தபோது, காட்டில் ஒளித்துவைக்கப்பெற்ற போர்க்காலத் துப்பாக்கிகள் மறுபடியும் வெளிவந்தன. 1960 ஜூலை 31 வரை நீடித்த அந்த ஆண்டுகளில் தோட்ட லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. வாயிலில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் நின்றார். படையினர் தூக்கியவற்றுள் 'காட்டுத் துப்பாக்கி' என்று பெயர் பெற்ற குட்டை லீ-என்பீல்டும் ஒன்று. ஷர்லியிலும் பசாகர்லி அரசாங்க ஆலையிலும் 1944 முதல் 1947 வரையே செய்யப்பட்டது அது. எடையைக் குறைத்ததனால் உதைப்பு மிகுந்தது. குறி நிலைப்பதில்லை என்ற குறையும் சொல்லப்பட்டது. அக்குறை எழுந்து, செய்வதையே நிறுத்திய பின்னர்தான், அது மலாயாக் காட்டில் அதிகம் உழைத்தது. முரிந்த வேல் கொல்லனிடம் திரும்பாத உலகத்துக்கு இதுவே உதாரணம்.

பிற்காலத்தில் தமிழ்நாட்டில் துப்பாக்கி செய்யும் தொழில் திருச்சிராப்பள்ளிக்கு வந்தது. 1966-இல் அங்கே அமைந்த ஆலை அரசாங்கத்தினுடையது. 2021 முதல் அரசு நிறுவனமொன்றின்கீழ் இயங்குவது. கொல்லன் தன் பெயரில் உலை மூட்டுவதன்று அது.

இவ்வளவையும் மனத்திற் கொண்டு பாட்டுக்குத் திரும்பினால் இரு சாராரும் தவறுவது தெரியும். போரைப் போற்றும் பாட்டு, பிள்ளைகளுக்கு ஆகாது என்று ஒதுக்குவார் ஒரு சாரார். வீரத் தமிழ்த்தாய் என்று முழங்குவார் மறு சாரார். முன்னவர் காளையை மட்டும் பார்க்கின்றனர். பின்னவர் தாயை மட்டும் பார்க்கின்றனர். தாயொழிந்த நால்வரையும் ஒரே வேற்றுமையில் நிறுத்தி, ஐவர்க்கும் 'கடன்' என்ற ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கின்ற புலவரின் நடையை இருவரும் காண்பதில்லை. ஒரு போரில் எத்தனை கைகள் இருக்கின்றன என்று எண்ணிக் காட்டும் பாட்டு அது. எண்ணிக் காட்டியவற்றுள் ஒரு கையைக் குறைத்துப் படித்தால் குற்றமும் புகழும் காளை ஒருவன் தலையிலேயே விழும்.

பாடம் பற்றிய ஐயத்துக்கும் இவ்வழியே ஒரு முடிவு காணலாம். நன்னடை என்று கொள்வோர் பாட்டு முழுதையும் அறநெறியாக்குகின்றனர். தண்ணடை என்பதே கொல்லனுக்கு அடுத்து வரும் இடத்துக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. தாய் உடலைத் தருகின்றாள். தந்தை பண்பைத் தந்துவிட்டான். கொல்லன் கருவியைத் தருகின்றான். பண்பை மீண்டும் ஒருமுறை தர வேந்தன் எதற்கு? வேந்தனிடம் உள்ளது நிலம். அதனைத் தருதலே அவனுக்குரிய தனிக்கடன். இவ்வாறு கொண்டால் ஒவ்வொருவரும் தம்மிடம் உள்ள ஒன்றைத் தருகின்றனர் என்ற ஒழுங்கு நிலைபெறும். ஆயினும் நன்னடையை நடை, வாழ்வு என்ற பொருளில் கொண்டு, நல்ல வாழ்க்கைக்கு வழிசெய்தல் என்று உரைப்பார்க்கும் இடமுண்டு. அவ்வுரைப்படி பார்த்தாலும் வேந்தன் கொடுக்கவேண்டியவனாகவே நிற்கின்றான். எப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதினாலும், கொல்லன் என்ன பெற்றான் என்று ஒரு மாணவன் எழுந்து கேட்டால், பாட்டில் விடையில்லை என்றே ஆசிரியர் சொல்லவேண்டியிருக்கும்.